மாதக் கடைசிக் கோட்பாடு: கல்லூரி பார்க்க வந்தவர் ஊர் பார்த்தல் குறித்து ஓர் ஆய்வு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் ஒரு பெரும் வலசை தொடங்குகிறது. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளை எண்ண ஆள் உண்டு. இந்த வலசையை எண்ணுவார் இல்லை. ஒரு மாணவர், அப்பா அல்லது அம்மா, சென்னையில் சகல வழியும் தெரிந்தவர் என்று குடும்பத்தாரால் நம்பப்படும் ஒரு தாய்மாமா, சான்றிதழ் வைத்த ஒரு பிளாஸ்டிக் ஃபைல்: இதுவே நம் ஆய்வுக்குரிய அலகு. இந்த அலகு காலையில் கல்லூரியைப் பார்த்து முடித்துவிடும். ஊருக்குப் போகும் பஸ்ஸோ இரவில்தான். இடைப்பட்ட பொழுதில், பையில் பெரிய தொகை ஏதும் இல்லாமல், அது எங்கே போகிறது? கல்வி பற்றிப் பேசுவோர் இந்தப் பொழுதை வெறும் சுற்றலென்று தள்ளிவிடுகிறார்கள். அன்றைய பயணத்தில் கல்லூரியைப் பற்றிய உண்மையான விசாரணை நடப்பதே அந்தச் சுற்றலில்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

துணிபுக்கு அடிப்படை எளிது. ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவருக்கு ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. வீட்டிலிருந்து பணம் வந்த வாரத்தில் தெரிவது முதல் ஊர். அதில் பிரியாணியும் சினிமாவும் இருக்கும். மெஸ் பில்லும் ரீசார்ஜும் போன பிறகு எஞ்சுவது இரண்டாவது. நான்கு ஆண்டுப் படிப்பில் ஞாயிற்றுக்கிழமைகள் 208. விடுமுறைக்கு ஊருக்குப் போன வாரங்களைக் கழித்தாலும் பெரும்பகுதி இந்த இரண்டாவது ஊரில்தான் கழிந்தாக வேண்டும். செலவில்லாமல் ஊர் பார்க்கும் குடும்பத்தின் கண்ணில் படுவதும் அதே ஊர்தான். பையன் மூன்றாம் ஆண்டில், இருபத்தேழாம் தேதி வாக்கில், எங்கே உட்கார்ந்திருப்பான் என்பதைச் சேருமுன்னரே பார்த்துவிடும் வாய்ப்பு இது. இதற்கு மாதக் கடைசிக் கோட்பாடு என்று பெயரிடுகிறோம்.

சான்றுக்குச் சென்னையின் கிண்டியை எடுத்துக்கொள்வோம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, இப்போதைய வளாகத்துக்கு வந்தது 1920இல். அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்க்கவே பலர் வருகிறார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் சர்தார் படேல் சாலையின் எதிர்ப்பக்கத்தில் காந்தி மண்டபம் இருக்கிறது. ராஜாஜிக்கும் காமராஜருக்கும் அங்கேயே நினைவகங்கள் உண்டு. சற்றுத் தள்ளிச் சிறுவர் பூங்கா. அதை ஒட்டி, ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை. கல்லூரி வளாகத்தின் பக்கவாட்டில் கோட்டூர்புரம் போகும் சாலையில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும். பாம்பு, கோள், காந்தி, புத்தகம் என்று நான்கையும் செருப்புத் தேயாமல் பார்க்கும் வசதி வேறெந்தக் கல்லூரி வாசலில் இருக்கிறது என்று தெரிந்தோர் சொல்லலாம். இவற்றில் பாம்புக்கும் கோளுக்கும் சிறு கட்டணம் உண்டு. நூலகத்துக்கு இல்லை. 2010இல் திறந்த அந்தக் கட்டடத்தில் குளிர்சாதன வசதி உண்டு, குடிநீர் உண்டு. நம் கோட்பாட்டுக்கு அதைவிட முக்கியமானது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்போருக்கென்று இருக்கும் தனிப் பகுதி. கோட்பாடு சொல்லும் மாதக் கடைசி மனிதர்களை அங்கே நேரிலேயே காணலாம். கல்லூரியின் தரம் பற்றி அவர்களில் ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும் பதில் எந்தக் கையேட்டிலும் அச்சாகியிருக்காது.

கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறினால் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். ஏறிய உடனே அடையாறு வந்துவிடும்; பிறகு பக்கிங்காம் கால்வாய் கூடவே வரும், வாசனையோடு. கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் மெரினா. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் இங்கே நீட்டவில்லை. மதியத்துக்கு மேல் காற்று வரும், சுண்டல் விற்கும், கடலில் இறங்கிக் குளிக்கத் தடை உண்டு. பஸ்ஸில் போவோருக்கு ஒரு பொருளாதாரக் குறிப்பு: 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் காசு இல்லை. ஆகவே அம்மாவும் மகளும் வந்தால் போக்குவரத்துச் செலவின் முழுப்பொறுப்பும் தாய்மாமாவையே சேரும். வழிகாட்டியை விட்டுவிட்டு வந்தால் செலவு பூஜ்யமாகும் ஒரே சுற்றுலா இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் கனமானது ஒன்று: பொறியியல் கவுன்சலிங்தான் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறதே, வலசையே நின்ற பிறகு ஆய்வு எதற்கு? கவுன்சலிங் நேரில் நடந்த காலத்தில் அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். அதாவது நாம் கூறும் விசாரணைக்கு அரசே மானியம் கொடுத்தது, தான் கொடுப்பது எதற்கென்று அறியாமலே. ஆன்லைன் வந்ததும் மானியம் போனது, பயணம் போகவில்லை. சேர்ந்த பிறகு பெட்டியோடு வருகிறார்கள். அப்போது ஊரைப் பார்த்து என்ன பயன்? முன்பு நடந்தது ஆராய்ச்சி, இப்போது நடப்பது பிரேதப் பரிசோதனை. ஆன்லைனில் கல்லூரி சாய்ஸ் நிரப்புமுன் ஒருமுறை வந்து பார்ப்பதன் தேவை இதனால் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அப்பாக்களின் மறுப்பு வேறு. “காலேஜைப் பார்க்க வந்தோமா, ஊரைப் பார்க்க வந்தோமா?” கேள்வி நியாயமானது, ஆனால் கல்லூரி அன்று காட்டுவது காட்ட வேண்டியதை மட்டும்தான். பெண் பார்க்கப் போன வீட்டுச் சொஜ்ஜியை வைத்து அந்த வீட்டின் தினசரிச் சமையலை யாரும் முடிவுகட்டுவதில்லை. கூட்டம் வருகிறதென்று கடல் தன்னை அலங்கரித்துக்கொள்வதில்லை, பாம்பும் அப்படியே. தீம் பார்க்குக்கும் மாலுக்கும் கூட்டிப்போனால் பிள்ளை சந்தோஷப்படுமே என்போரும் உண்டு. படும். ஆனால் தீம் பார்க்கின் டிக்கெட்டை வாங்கப் பிள்ளைக்கு மறுபடி வாய்ப்பது, சக மாணவர் யாராவது வேலை கிடைத்து ட்ரீட் கொடுக்கும் நாளில்தான். திரும்ப நிகழாததைச் சான்றாக எந்த ஆய்வும் ஏற்காது. மாலில் சும்மா சுற்றலாம், காசு கேட்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் எல்லா ஊர் மாலும் ஒன்றுபோலவே இருப்பதால் சேலத்துக்கும் சென்னைக்கும் வேறுபாடு காண அது உதவாது. பாடத்தின் தரத்தைப் பீச் சொல்லுமா என்று கேட்டால், சொல்லாது. கோட்பாடு ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுகொள்கிறது; திங்கள் காலை எட்டரை மணி வகுப்பைப் பற்றி அதற்குக் கருத்தில்லை.

பிற ஊர்களிலும் இது செல்லும். வேலூரில் கோட்டைக்குள் நுழையக் காசில்லை. மதுரையில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கும் இல்லை. விரிவான கள ஆய்வைப் பிறருக்கு விட்டுவிடுகிறோம்.

சென்னைக்கு வருவோருக்குச் செயல்முறையில் எஞ்சுவது கிழமைச் சிக்கல் ஒன்றுதான். திங்களன்று கலங்கரை விளக்கத்தில் ஏற விடமாட்டார்கள். செவ்வாயன்று பாம்புகளுக்கு ஓய்வு. வெள்ளியன்று, 1851 முதல் இருந்துவரும் எழும்பூர் மியூசியம் மூடியிருக்கும். சனி, ஞாயிறுகளில் இவை திறந்திருக்கும், ஆனால் கல்லூரி அலுவலகத்தில் விவரம் சொல்ல ஆளிருக்காது. மிஞ்சுவது புதனும் வியாழனும். புதனன்று வந்தால் விட்டதை வியாழனன்று பார்க்கலாம் என்பதால், புதன்கிழமையே வாருங்கள்.