சம்பந்தப்பட்ட அலுவலகம் அவர்கள் சமூகத்துக்கு

அனுப்புநர்: தாம்பரத்துக்குக் கிழக்கே வாடகை வீட்டில் இருக்கும் மனுதாரர்.
பெறுநர்: சம்பந்தப்பட்ட அலுவலகம் (முகவரி தெரியவில்லை).
பொருள்: எது எங்கே இருக்கிறது என்று சொல்லக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

எந்த நோட்டீசை எடுத்தாலும் அடியில் தங்கள் பெயர் இருக்கிறது: 'மேலும் விவரங்களுக்குச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகவும்.' அணுகுவதற்காக மனுதாரர் இரண்டு பஸ் மாறி, மூன்று கட்டடங்களில் ஏறி இறங்கினார். மூன்றிலும் ஒரே பதில். "இது இங்க இல்லீங்க, சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல கேளுங்க." ஆக, தாங்கள் எங்கோ இருக்கிறீர்கள் என்பது வரை உறுதி. கடவுள் விஷயமும் இப்படித்தான் என்றாலும், அவர் வாசலில் நடை திறக்கும் நேரமாவது எழுதியிருக்கிறது.

மனுதாரர் தன் ஊர் எது என்று சொல்லவும் கொஞ்சம் திணறுவார். பின்கோடு சென்னை 600 073. மாவட்டம் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம், அதன்பின் செங்கல்பட்டு. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, உட்கார்ந்த இடத்திலேயே அவர் மாநகரவாசி ஆனார். சேதி முதலில் எட்டியது வீட்டு ஓனருக்கு, வாடகை ஏறியது. ஷேர் ஆட்டோக்காரருக்கு மட்டும் அது இன்றைக்கும் 'பழைய பஞ்சாயத்து ஆபீஸ் ஸ்டாப்'தான்.

இனி, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, தெருமுனையில் மனுதாரரின் பையனை நாய் கடித்தது. கெண்டைக்காலில் நான்கு பல். மனுதாரர் ஒரு கையில் பையனையும் மறு கையில் போனையும் பிடித்துக்கொண்டு நின்றார். வரைபடம் காட்டிய முதல் க்ளினிக் இப்போது பிரியாணிக் கடை. இரண்டாவதில் ஷட்டர் இறங்கியிருந்தது. மூன்றாவது ஒரு சுகாதார நிலையம். அதன் வாசலில் பளபளக்கும் கருங்கல்லில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர் என்று பதினொரு பெயர்கள், தங்க நிறத்தில். டாக்டர் வரும் நேரம் மட்டும் கதவில் ஒட்டிய ஒரு காகிதத்தில் இருந்தது. போன மழையில் மை கரைந்து, 'காலை' என்பதும் பாதி 8ம் மிச்சம். ஒரு அவசர எண்ணைப் பிடித்தபோது எதிர்முனை கேட்டது: "எந்த வார்டு? அது எங்க லிமிட் இல்லீங்களே."

நாய் லிமிட் பார்த்துக் கடிக்கவில்லை என்பதை மனுதாரர் இங்கே பணிவுடன் பதிவு செய்கிறார்.

கடைசியில் காப்பாற்றியவர் மெடிக்கல் ஷாப் அக்கா. கல்லாவிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "சார், முதல்ல காலைக் குழாயடியில காட்டுங்க. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவணும். மஞ்சத்தூள், சுண்ணாம்பு எதையும் வெச்சுடாதீங்க. அப்புறம் நேரா ஜி.எச். போயிடுங்க, ராத்திரியிலயும் ஊசி போடுவாங்க, காசு கிடையாது." மருந்துக் கவரின் பின்பக்கத்தில் 0, 3, 7, 28 என்று எழுதி, பக்கத்திலேயே தேதிகளையும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கவர் இன்னும் மனுதாரர் வீட்டு ஃபிரிட்ஜில், காந்தத்தின் அடியில் இருக்கிறது.

குழந்தை டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவார், ஏழரைக்குள் டோக்கன் போட வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். பல் டாக்டர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருப்பது தெரியும். எந்த லேபில் ரத்தப் பரிசோதனை முடிவு அன்றைக்கே கிடைக்கும், லாரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது வரும், எல்லாம் தெரியும். சம்பளம் கொடுப்பவர் கடை முதலாளி. பார்க்கிற வேலை தங்களுடையது.

வசதிகளே இல்லை என்று மனுதாரர் புலம்பவில்லை. இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. அந்த எண் குழந்தைக்கும் மனப்பாடம். மருத்துவ ஆலோசனை சொல்ல 104 என்று இன்னொன்று இருப்பதை மனுதாரர் அறிந்தது ஒரு அலுவலகச் சுவரில், பீரோவுக்குப் பின்னால் பாதி மறைந்த போஸ்டரில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறது. மனுதாரரின் மாமியார் ஒரு வருடம் காசு கொடுத்து பி.பி. மாத்திரை வாங்கிய பிறகு, பாத்திரம் தேய்க்க வரும் அம்மா சொல்லித்தான் அது தெரிந்தது. மக்களைத் தேடி வருகிற திட்டத்தை மக்களும் தேடினார்கள். இரு தரப்பும் ஒரே தெருவில் ஒரு வருடம் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்காகத் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். ஊருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரயில் நிலையமும் 'தாம்பரம் சானடோரியம்' ஆயிற்று. ரயிலில் வரும் நோயாளி யாரையும் கேட்க வேண்டியதில்லை, பெயரைப் பார்த்து இறங்கினால் போதும். 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கேதான் வந்தது. அதே முறையைத் தாங்கள் பின்பற்றலாம். ஊசி போடுமிடத்தை ஒட்டி 'நாய்க்கடி நகர்', ஞாயிறும் திறந்திருக்கும் மருந்துக்கடை உள்ள சந்துக்கு 'ஞாயிறு மெடிக்கல் சந்து'. ரியல் எஸ்டேட்காரர்கள் ஆட்சேபிப்பார்கள். அது வேறு விஷயம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்றார் ஒரு நண்பர். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கடிபட்ட அன்றே மனுப் போட்டிருந்தாலும் நாலாவது ஊசி 28ஆம் நாள், பதில் 30ஆம் நாள். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதற்குள் இரண்டாவது ஊசி நெருங்கிவிடும். அதே 2005ஆம் வருடச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தாமாக முன்வந்து விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997இல் வந்த சட்டத்துக்கு 2018இல்தான் விதிகள் வந்தன என்பதால், மனுதாரர் அவசரப்படவில்லை.

அவர் கேட்பது ஒரே ஒரு தகரப் பலகை. நாலடிக்கு மூன்றடி. ஊசி எங்கே, எத்தனை மணி வரை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும், வார்டு எது. பெயிண்ட் செலவைத் தெருக்காரர்கள் ஏற்பார்கள். திறப்பு விழா வைப்பதானால், வாழ்த்திப் பேசுபவர்களின் பெயர்களைப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: மருந்துக் கவரின் செராக்ஸ், இரு பக்கமும்.
நகல்: மெடிக்கல் ஷாப் அக்கா. (தங்கள் முகவரி கிடைத்தால் இந்த மனுவைச் சேர்ப்பிக்கும் பொறுப்பும் அவரிடமே விடப்பட்டிருக்கிறது.)