தட்டு சுற்றுகிறது, படம் வரவில்லை

கே: கணினியில் ஜோராக ஓடும் படத்தை அப்படியே டிவிடியில் எழுதிப் போட்டால், வீட்டு பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்கிறதே! தட்டு கண்ணெதிரே சுற்றுகிறதே?

ப: பிளேயர் தேடுவது தட்டை அல்ல, அதற்குள் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டரை. 1996-இல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தபோதே விதி வகுத்தாகிவிட்டது: படம் எம்பெக்-2 முறையில் இருக்கவேண்டும், ஒலி ஏசி-3, பிசிஎம் போன்ற சில வகைகளில் ஒன்றாக இருக்கவேண்டும். இன்றைய எம்பி4 கோப்புகள் பெரும்பாலும் எச்.264 முறையில் சுருக்கப்பட்டவை. அது பிறந்ததே 2003-இல். அதற்கு முந்தைய விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்த பிளேயரின் சிப்பிடம் அதைப் பற்றிக் கேட்பது நியாயமல்ல.

கே: கோப்பின் பெயரில் எம்பி4-ஐ அழித்துவிட்டு, டிவிடி கோப்புகளில் இருக்கும் விஓபி என்று போட்டால்?

ப: மிளகாய்த்தூள் டப்பாவில் ‘சர்க்கரை’ என்று சீட்டு ஒட்டினால் பாயசம் இனிக்காது.

கே: பிறகு எப்படித்தான் மாற்றுவது?

ப: இரண்டு வேலைகள். முதலாவது, படத்தை எம்பெக்-2 ஆக்குவது. இந்தியாவின் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைக்கு 720-க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டகங்கள். இரண்டாவது, அதை விஓபி கோப்புகளாக அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்பைச் சேர்ப்பது. அதன் நகலாக பியுபி என்று ஒன்றும் கூடவே வரும். தட்டில் கீறல் விழும் என்பது விதி வகுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் செய்துவிடும். ஹேண்ட்பிரேக்கை நாடுவது வீண்: அது டிவிடியைக் கோப்பாக்கும், கோப்பை டிவிடியாக்காது.

கே: படம் ஒவ்வொன்றும் 700 எம்பிதான். ஒரு தட்டில் ஆறு படம் அடங்காதா?

ப: கோப்பாக அடங்கும், டிவிடி படமாக அடங்காது. எம்பெக்-2 அவ்வளவு இறுக்கமாகச் சுருக்கத் தெரியாத பழைய முறை. மாற்றும்போது கோப்பு ஊதிப்போகும். கணக்குப் போட வேண்டியது எம்பியை வைத்து அல்ல, ஓடும் நேரத்தை வைத்து. ஒற்றை அடுக்குத் தட்டு 4.7 ஜிபி கொள்ளும். (கணினி 4.37 என்று காட்டினால் கடைக்காரரைத் திட்டவேண்டாம். அவர் ஆயிரத்தால் வகுக்கிறார், கணினி 1024-ஆல்.) இதில் இரண்டு மணி நேரப் படத்துக்கு, ஒலியும் சேர்த்து, வினாடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரமானால் 3.5, பார்க்கலாம். ஆறு மணி நேரத்தைத் திணித்தால் 1.7, சண்டைக் காட்சியில் அடிப்பவர் யார், வாங்குபவர் யார் என்று தெரியாமல் திரை முழுக்கச் சதுரங்களாக இருக்கும்.

கே: மாற்றியபின் மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிட்டது. எந்தப் பாட்டை வெட்டினார்கள்?

ப: எதையும் வெட்டவில்லை. சினிமா வினாடிக்கு 24 சட்டகம், பால் 25. சில மென்பொருள்கள் படத்தை அந்த வேகத்துக்கு விரட்டிவிடும். சுருதியைச் சரிசெய்யாவிட்டால் கதாநாயகன் குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும்.

கே: தமிழ் சப்டைட்டிலைப் பிளேயர் படிக்குமா?

ப: படிக்காது, படிக்கவேண்டிய அவசியமும் இல்லை. டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக அல்ல, படமாகவே பதிகிறது. படத்தை மாற்றும் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தால் போதும்.

கே: எழுதிய கணினியில் ஓடுகிறது, வீட்டு பிளேயரில் ஓடவில்லையே?

ப: எழுதி முடித்தபின் தட்டை ‘ஃபைனலைஸ்’ செய்து மூடாதது வழக்கமான காரணம். அழித்து மீண்டும் எழுதக்கூடிய தட்டு என்றால் பழைய லென்ஸ் தடுமாறும். சாதாரண டிவிடி-ஆர் நல்லது. இத்தனை பாடும் படுவதற்கு முன், பிளேயரின் முகப்பில் ‘டிவ்எக்ஸ்’ முத்திரை இருக்கிறதா என்று ஒருமுறை துடைத்துப் பார்ப்பது நல்லது. இருந்தால், டிவ்எக்ஸ் முறையில் அமைந்த ஏவிஐ கோப்புகளை மாற்றாமல் அப்படியே எழுதிப் போடலாம்.