கொசுறு மெகாஹெர்ட்ஸ்

பழைய டெஸ்க்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பிராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கிறவரை ஓவர்கிளாக்கர் என்கிறார்கள். அடையாளம் காண்பது சுலபம். அவருடைய கணினியின் பக்கத் தகடு எப்போதும் கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருக்கும். அதன் திருகாணிகள் மாத்திரை டப்பாவில் கிடக்கும். நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் தெர்மல் பேஸ்ட் ஒட்டியிருக்கும். "கரண்ட் பில் கட்டணும், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் விடுடா" என்று அம்மா கேட்டால், "டெஸ்ட் ஓடிட்டிருக்கும்மா, தொட்டுடாதே, காலையில முடிஞ்சிடும்" என்பார். ஊர் அவரை வேகப் பைத்தியம் என்கிறது. அவர் தன்னைச் சிக்கனக்காரர் என்கிறார். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. அவருக்கு வேண்டியது வேகமும் இல்லை, மிச்சமாகும் பணமும் இல்லை, கொசுறு. இரண்டு கிலோ கத்திரிக்காய் வாங்கிவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை விழாமல் கடையை விட்டு நகராதவரின் வம்சம் அவர். வீட்டுக் கொல்லையிலேயே கறிவேப்பிலை மரம் நின்றாலும் கேட்டு வாங்குவார்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். இந்த இனத்தார் இன்றும் கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடுவது இன்டெல் கோர் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வந்தது. அறிவித்த வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் தானாகவே 3.7 வரை ஏறும். பெயரின் கடைசியில் நிற்கும் 'கே'தான் விசேஷம்: பெருக்கியைப் பூட்டாமல் விட்டிருக்கிறோம் என்று கம்பெனியே சொல்லும் சங்கேதம். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை 33 ஆல் பெருக்கினால் 3.3. பயாஸ் என்ற ஆரம்ப அமைப்புத் திரைக்குள் போய் 33ஐ 45 ஆக்கி, வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் 4.5. இந்த 4.5இல் கடிதம் அடித்தாலும், பாட்டுக் கேட்டாலும், ரயில் டிக்கெட் போட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த வயதுக் கணினியை நிஜமாகவே இழுத்துப் பிடித்திருப்பது ஹார்ட் டிஸ்க். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது வினாடிக்கு நூறு, நூற்றைம்பது தடவைதான் தேடி எடுக்கும். எஸ்எஸ்டி அதையே பல்லாயிரம் தடவை செய்யும். நம்மாளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எஸ்எஸ்டியை அவர் எப்போதோ போட்டுவிட்டார். ஆனால் அதைப் பற்றி அவர் யாரிடமும் பெருமை பேசியதில்லை. அது காசு கொடுத்து வாங்கிய வேகம்; சும்மா கிடைத்ததில்லை.

வேகம்தான் லட்சியம் என்றால் இன்னும் இரண்டு விஷயங்கள் அவரை உறுத்தியிருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பட்டியல், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 2500கே இரண்டாம் தலைமுறை. அதை 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டினாலும் வாசலில் நிற்பவர் தலைமுறையைத்தான் கேட்பார். அதேபோல, 2013இல் வந்த ஏவிஎக்ஸ்-2 என்ற கட்டளைத் தொகுப்பு இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் புதிய கேம்கள் உண்டு. இல்லாத கட்டளையை எவ்வளவு வேகமாக ஓடினாலும் நிறைவேற்ற முடியாது. இதையெல்லாம் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "4.6 நிக்குதான்னு பாக்கணும்" என்பார்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் கதை இன்னும் சுவாரசியம். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து கோர் பட்டையைக் கொஞ்சம், மெமரிப் பட்டையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுவார். பிறகு ஃபர்மார்க் என்ற சோதனையை ஓட்டுவார். மயிர் அடர்ந்த வளையம் ஒன்று திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும்; அதை மனிதர் உற்சவ மூர்த்தியைப் பார்ப்பதுபோலக் கண்கொட்டாமல் பார்ப்பார். கண்ட இடத்தில் கலர்ப் புள்ளி தெறித்தால் தள்ளியது அதிகம், ஒரு படி இறங்க வேண்டும். எல்லாம் கூடிவந்தால் வினாடிக்கு 60 ஃபிரேம் வந்த இடத்தில் 65 வரலாம். மேசையில் இருக்கும் பழைய மானிட்டரோ வினாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். மீதி ஐந்தும் அவருடைய நெஞ்சுக்குள் ஓடுகின்றன. மெமரியில் இதைவிட வேடிக்கை. அந்தக் கார்டின் ஜிடிடிஆர்-5 மெமரி, அனுப்பும்போது பிழை வந்தால் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் வசதி கொண்டது. அளவுக்குச் சற்று மீறித் தள்ளினால் படம் உடனே கெடாது. ஒரே தகவல் திரும்பத் திரும்பப் போவதால் வேகம்தான் குறையும். எண் ஏறியிருக்கும், ஆட்டம் இறங்கியிருக்கும். வேகத்தை விரும்புகிறவர் அங்கே பட்டையைப் பின்னுக்கு இழுப்பார். நம்மாள் எண்ணைப் படம் பிடித்து நண்பருக்கு அனுப்புவார். உலக சாதனைகளும் இந்த ரகம்தான். 2011இல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் பிராசஸரை 8.429 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். எட்டு கோர்களில் ஆறை அணைத்துவிட்டு, திரவ ஹீலியத்தை ஊற்றிச் செய்தார்கள். அந்த வேகத்தில் அது செய்து முடித்த வேலை, அந்த வேகத்தைத் திரையில் காட்டியது.

சரி, சிக்கனம்? பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். 3.3 கிகாஹெர்ட்ஸ், 1.15 வோல்ட்டில் இருந்ததை 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் வேகம் 36 சதவீதம் கூடும். மின்சாரமும் வெப்பமும் ஏறக்குறைய 88 சதவீதம் கூடும். அந்த வெப்பத்தை இறக்கப் பெட்டியோடு வந்த விசிறி போதாது. தனியாக ஒரு பெரிய கூலர், அதற்கு இடம் கொடுக்கும் கேபினெட், கூடுதல் வாட்டைத் தாங்கும் பவர் சப்ளை. ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மதியம் அலைந்து இவற்றை வாங்கி முடிக்கும்போது, ஒரு தலைமுறை புதிய செகண்ட் ஹேண்ட் போர்டும் பிராசஸரும் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கும். அவர் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். முழுச் சுமையில் 80 வாட் கூடுதலாக இழுத்து, நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட். தமிழ்நாட்டு மின்கணக்கில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிக் கட்டணமும் சேர்ந்து மாறிவிடும். 490இல் நிற்கும் வீட்டுக்கு அந்த 24 என்ன செய்யும் என்பதை அப்பா விளக்குவார். போதாக்குறைக்கு, காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. சென்னையின் மே மாதத்தில் அறையே 36 டிகிரியில் இருந்தால், பிராசஸருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே மார்கழியில் 4.6, சித்திரையில் 4.3 என்று பருவத்துக்கேற்ப மாற்றுவார். பஞ்சாங்கம் பார்க்கிற ஒரே கணினி அவருடையது.

இந்தப் பழக்கம் பைத்தியத்தில் பிறந்ததில்லை, நியாயமான பேரத்தில் பிறந்தது என்று அவர் தரப்பில் வாதிடலாம். அது உண்மை, ஒப்புக்கொள்ள வேண்டும். 1998இல் வந்த செலரான் 300ஏ பிராசஸரின் விலை 150 டாலருக்குள். பஸ் வேகத்தை, அதாவது அடிப்படைத் துடிப்பை, 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், பூட்டப்பட்ட 4.5 பெருக்கியோடு அது 450ஐத் தொட்டுவிடும். அதே ஆண்டு 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 விற்றது 600 டாலருக்கு மேல். கொசுறாகக் காய்கறிக் கூடையே கிடைத்த காலம் அது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஏஎம்டியின் டியூரான் சிப்பின் மேல் தெரிந்த வெட்டுப்பட்ட இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்தால் பெருக்கிப் பூட்டு திறந்தது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். 2007இல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் க்யூ6600, பஸ் வேகத்தை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் அலுங்காமல் 3.0க்கு வந்தது. இப்படிக் கிடைத்ததற்குக் காரணம் தொழிற்சாலையில் இருக்கிறது. ஒரே வட்டத் தகட்டிலிருந்து வெட்டப்படும் சிப்புகளைச் சோதித்து, தாங்கும் வேகத்துக்கேற்பத் தரம் பிரிப்பார்கள். மலிவான ரகத்துக்குச் சந்தையில் கிராக்கி அதிகமாக இருந்தால், நல்ல சிப்பின் மேலேயே மலிவான எண்ணை அச்சிட்டு அனுப்புவார்கள். வாங்குகிறவர்களில் யாரோ ஒருவருக்குப் பெரிய எண்ணுக்குரிய சிப் சின்ன விலைக்குப் போகும். அந்த 'யாரோ' நான்தான் என்ற நம்பிக்கையில்தான் நம்மாளின் இரவுகள் கழிகின்றன.

ஆனால் அந்தப் பேரம் இன்று முடிந்துபோன பேரம். 2008இலிருந்து இன்டெல் தன் டெஸ்க்டாப் பிராசஸர்களில் டர்போ பூஸ்ட்டை வைத்தது. 2012இல் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் அதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் அளவுக்குச் சிப்பே தன்னை ஏற்றிக்கொள்கிறது. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசை, முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு நிற்பதுதான் தன் இயல்பு என்று அறிவித்துவிட்டே வந்தது. தராசுத் தட்டில் இருந்ததையெல்லாம் கம்பெனியே வழித்துக் கொடுத்துவிட்டால் கொசுறு கேட்க என்ன இருக்கிறது? அவர் பழைய கணினியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதன் ரகசியம் இதுதான். புதியது வாங்கப் பணமில்லாததால் அல்ல. புதியதில் மிச்சம் இல்லாததால். இதற்கு இன்னொரு சாட்சி, இப்போது அதே ஆட்கள் செய்யும் அண்டர்வோல்ட். வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வோல்டேஜை மட்டும் படிப்படியாகக் குறைத்து, எவ்வளவு குறைவில் நிற்கிறது என்று பார்ப்பது. வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூடக் கூடுவதில்லை. ஆனாலும் முகத்தில் அதே வெற்றிக்களை. வேகப் பைத்தியம் என்ற பட்டம் இங்கே உதிர்ந்துவிடுகிறது. கொடுக்காமல் மறைத்துவைத்திருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டோம், அவ்வளவுதான் கணக்கு.

"எரிந்துபோகாதா?" என்று பயப்படுகிறவர்கள் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2500கே 98 டிகிரியை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; சூட்டால் மட்டும் லேசில் சாகாது. நிஜமான விஷம் வோல்டேஜ். அதிக வோல்டேஜில் மின்னோட்டம் உள்ளே இருக்கும் நுண்ணிய உலோக இழைகளைச் சிறுகச் சிறுக அரித்துவிடும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்டியம் 4 வைத்திருந்த பலர் 1.7 வோல்ட்டுக்கு மேல் போய் அதைப் பாடமாகப் படித்தார்கள். எனக்குப் பெரிய ஆட்சேபம் வேறு இடத்தில். அரைகுறையாக நிற்கும் ஓவர்கிளாக் உடனே விழுந்துவிடாது. அபூர்வமாக ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் தொடரும். அந்தத் தப்பு கல்யாண ஃபோட்டோ கோப்பில் போய் உட்காரலாம். இதைப் பிடிக்கத்தான் அவர் இரவெல்லாம் பிரைம்95 ஓட்டுகிறார். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காகத் தன்னார்வலர்கள் பயன்படுத்தும் மென்பொருள் அது. நம்மாளுக்குப் பகா எண்ணோடு ஒரு பந்தமும் கிடையாது. ஏழு மணி நேரம் ஒழுங்காக ஓடி, விடிகாலையில் நாலு கோர்களில் ஒன்று நின்றிருக்கும். எழுந்து பல்கூட விளக்காமல் பார்ப்பார்: முழுமைப்படுத்தலில் 0.5 வந்தது, 0.4க்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஒரு வரி. வேறொருவர் என்றால் தலையில் கைவைப்பார். அவர் வோல்டேஜை 0.005 ஏற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

பணமில்லாத மாணவன் இருக்கிறானே, அவனையும் கேலி செய்வதா என்று கேட்கலாம். இல்லை. 2021இல் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போய் விலை விண்ணில் நின்றபோது, இருந்த கார்டிலிருந்து பத்து சதவீதம் கறந்தவன் புத்திசாலி. ஆனால் தேவைக்காகச் செய்கிறவன் தேவை முடிந்ததும் நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் திறப்பான். நம்மாள் நிறுத்தமாட்டார், 4.5 நின்றுவிட்டால் அவருக்குச் சலிப்புதான் வரும். திரை கறுத்து, கணினி எழும்ப மறுத்து, பயாஸ் மாற்றங்கள் அழியட்டும் என்று மதர்போர்டிலிருந்து பொத்தான் பேட்டரியைப் பிடுங்கி ஐந்து நிமிடம் காத்திருக்கும்போதுதான் அவர் முகத்தில் உயிர் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் பவர் சப்ளை, மதர்போர்டு, மெமரி ஒவ்வொன்றும் எதற்கு எப்படிக் கட்டுப்பட்டது என்று அவர் சொல்லக் கேட்டால், பல வகுப்பறைகளில் கிடைக்காத பாடம் கிடைக்கும். தெருவில் யார் வீட்டுக் கணினி படுத்தாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். வருவார், காசு வாங்கமாட்டார்.

கூப்பிடுங்கள். விசிறித் தூசியைத் தட்டச் சொல்லுங்கள், எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். பயாஸ் பக்கம் மட்டும் தனியாக விடாதீர்கள். அவரிடமிருந்தே பழைய கணினி வாங்குகிறீர்கள் என்றால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பயாஸில் 'லோட் டீஃபால்ட்ஸ்' கொடுத்துவிட்டு, பிறகு கரண்ட் பில் கட்டுங்கள்.