பெங்களூரு வாடகைச் சுவர்களில் ஆணியின் இன்மை: ஓர் ஆய்வு

வீட்டு உள்அலங்காரத்தை ரசனை தீர்மானிக்கிறது என்பவர்கள் பெங்களூரில் வாடகைக்குக் குடியிருந்திருக்க மாட்டார்கள். இங்கே அதைத் தீர்மானிப்பது அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரின் நெடுநாள் வழக்கம். 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதமே உச்சவரம்பு என்றது. அது வெறும் மாதிரிதான் என்பதில் ஹவுஸ் ஓனர்களுக்குக் குழப்பமே இல்லை. அத்தனை பணத்தை வைத்திருப்பவர் “சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க” என்றால், அதன் முன் எந்த அழகியல் கொள்கையும் நிற்காது. விளைவு, தொங்க வேண்டியவை எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன: சாமி படம் ஷெல்ஃபில், கடிகாரம் ஃபிரிட்ஜ் தலையில், கல்யாண போட்டோ தரையில் சுவரோடு சாய்ந்து. புவிசார் குறியீடு பெற்ற சென்னபட்டண மரப்பொம்மைகள் இவ்வீடுகளில் கொலுவிருப்பதற்கும், அரக்குப் பூச்சின் மினுமினுப்பைவிட அவற்றின் தட்டையான அடிப்பாகமே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

படத்தைச் சாய்த்து வைப்பது உலகப் பாணி, 2022இல் நாகசந்திராவில் ஐகியா திறந்த பிறகு பரவியது என்பார்கள். காலக்கணக்கு இடிக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே பேச்சிலர் அறைகளில் பிள்ளையார் சாய்ந்துதான் இருந்தார். இன்னொரு ஆட்சேபம் கனமானது: காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையை எப்படியும் பிடித்துக்கொள்கிறார்களே, கொடுத்த காசுக்கு நூறு ஆணி அடித்துவிட்டுப் போவதுதானே அறிவு? பொருளியல்படி சரி. ஆனால் பெயின்டிங் தெரிந்த நஷ்டம். ‘டேமேஜ்’ என்ற அடுத்த கணக்கு எங்கே போய் நிற்குமென்று யாருக்கும் தெரியாது. ஆகவே, ஆபீசில் நாள் முழுக்க ஆணி பிடுங்குகிறவர் வீட்டில் ஒன்றுகூட அடிப்பதில்லை.

விதிவிலக்கு உண்டு: முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆணி. சுவிட்ச்போர்டுக்கு மேலே, எவர் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் தினசரி காலண்டர் தொங்கினால் அதற்குக் காரணம் இதுவே. துணிந்து புதிதாக அடித்தவர்கள் கடைசி வாரத்தில் ஓட்டையைப் பற்பசையால் அடைக்கிறார்கள். இதற்கு வெள்ளைப் பேஸ்ட்தான் உகந்தது. ஜெல் வகைகள் சுவரில் நிறம் காட்டிக் கொடுத்துவிடும்.