சிஸ்கோ மாட்யூல் மூன்றும் வேண்டுமா, வேண்டாமா: ஒரு திணையியல் ஆய்வு

பாயிரம்

விண்டோஸ் 7 ஓடும் பழைய லேப்டாப்பில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து நிரல் பட்டியலைப் பார்ப்போர், பலகாலும் மூன்று பெயர்களைக் கண்டு திகைப்பர். அவை சிஸ்கோ லீப் மாட்யூல், சிஸ்கோ பீப் மாட்யூல், சிஸ்கோ ஈஏபி-ஃபாஸ்ட் மாட்யூல் என்பன. அவற்றை அவர் நிறுவியதில்லை, திறந்ததுமில்லை, திறக்க ஐகானும் இல்லை. ஆயினும் வயர்லெஸ் பாதுகாப்புக்கு உரியவை என்று யாரோ சொன்னதால், அழிக்கக் கை வருவதில்லை.

இப்பொருளில் அறிஞர் மூவகைப்படுவர். ‘தெரியாததையெல்லாம் தூக்கு’ என்பார் அழிப்புக் கொள்கையர். இவர் தம் கொள்கையைப் பெரும்பாலும் பிறர் கணினியிலேயே நிலைநாட்டுவர். ‘இருந்துவிட்டுப் போகட்டும், சோறா கேட்கிறது?’ என்பார் இருப்புக் கொள்கையர். ‘ஃபார்மட் பண்ணிடலாம் சார்’ என்பார் சர்வீஸ் கடையர்; எவ்வினாவுக்கும் இவர் விடை அதுவே. மூவரும் நிரலையே உற்றுப் பார்த்தனர். நிரல் வேண்டுமா என்பதைச் சொல்ல வேண்டியது, கணினி போய்ச் சேரும் வைஃபையே என்பது நம் கோள். பாட்டின் திணையை முதல், கரு, உரி என்னும் மூன்றால் அறிவது தொல்காப்பிய நெறி. அதையே இங்கும் கைக்கொள்வோம்.

முதற்பொருள்

முதல் என்பது நிலமும் பொழுதும். பொழுதாவது, பட்டியலில் நிரலுக்கு நேரே காணும் தேதி. அது வயர்லெஸ் டிரைவரின் தேதியோடு ஒத்திருந்தால், இரண்டும் ஒரே தொகுப்பில் வந்தன எனக் கொள்ளலாம். பாதுகாப்பு நிரல் என்று சொல்லிக்கொள்ளும் வேறு ஏதேனும் போன வாரத் தேதியோடு நிற்பின், ‘உங்கள் கணினிக்கு ஆபத்து’ என்று மிரட்டிய பெட்டியை யாரோ அமுக்கியதன் பயனாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டுவது ஆய்வன்று, வைரஸ் ஸ்கேன். நிலம், கணினி எங்கெங்கு வைஃபையோடு சேர்கிறது என்பது. அதை உரிப்பொருளில் காண்க.

கருப்பொருள்

கரு என்பது நிலத்துக்குரிய பொருள்கள். இங்கே அவை இம்மூன்று நிரலும்; அவை பிறந்த கதை இது. 1997-ல் வந்த முதல் வைஃபை தரத்தில் காவலுக்கு இருந்தது வெப் என்னும் முறை. ஆயிரம் பேர் வேலை செய்யும் அலுவலகமாயினும் எல்லார்க்கும் ஒரே சாவியைக் கொடுப்பதே அதில் வழக்கம். ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும் என்று சிஸ்கோ 2000-ல் படைத்தது லீப். அகராதிச் சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லீப்பின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கலாம் என்று 2003-ல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோஷுவா ரைட் காட்டினார். லீப்பின் இடத்துக்கு சிஸ்கோ அடுத்து முன்னிறுத்தியதே ஈஏபி-ஃபாஸ்ட். பீப்போ சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், ஆர்எஸ்ஏ செக்யூரிட்டி மூவரும் கூடி வகுத்தது. ஆகவே பாதுகாப்பு போய்விடும் என்றஞ்சி நாம் தொடாமல் வைத்திருக்கும் மூன்றனுள் மூத்தது, படைத்தவரே கைவிடச் சொன்ன ஒன்று.

அலுவலக நிரலுக்கு வரவேற்பறை லேப்டாப்பில் என்ன வேலை? சிஸ்கோ கருவிகளோடு ஒத்துப்போகும் என்ற சான்று பெற, வயர்லெஸ் சிப் செய்வோர் இம்முறைகளையும் தம் தொகுப்பில் சேர்த்தனர். வங்கி வாங்கும் லேப்டாப்புக்கு ஒரு தொகுப்பு, வாத்தியார் வாங்குவதற்கு இன்னொன்று என்று யாரும் பிரிக்கவில்லை.

உரிப்பொருள்

உரி என்பது ஒழுக்கம். இங்கே அது, வைஃபையில் சேரும்போது நிகழும் உரையாடல். ஒரே ஒரு பாஸ்வேர்டைக் கேட்டு உள்ளே விடுவது அகத்திணை. 8 முதல் 63 எழுத்து வரை உள்ள அந்த பாஸ்வேர்டு வீட்டார்க்கெல்லாம் பொது. ஊரிலிருந்து வரும் சித்தப்பாவும் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் அதைக் கேட்பார். பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் ஆளுக்குத் தனித்தனியே கேட்டு, ரேடியஸ் என்னும் சர்வரிடம் சரிபார்ப்பது புறத்திணை. அலுவலகமும் பல்கலைக்கழகமும் இதன்பாற்படும்.

அகத்திணையில் இம்மூன்றுக்கும் வேலையே இல்லை. வீட்டு வைஃபையைக் காப்பது 2004-ல் வந்த டபிள்யூபிஏ2. அதை விண்டோஸும் ரவுட்டருமே பேசி முடித்துக்கொள்ளும். புறத்திணையிலும் எல்லா இடத்தும் இவை வேண்டா. பீப்பின் பரவலான வகையை விண்டோஸ் 7 தானே அறியும். லீப்போ ஈஏபி-ஃபாஸ்டோ பீப்பின் பிற வகையோ வைத்திருக்கும் அலுவலகத்தார்க்கே மாட்யூல் தேவைப்படும்.

திணைமயக்கம்

அலுவலக லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவருதல் திணைமயக்கம். கணினி அகத்தில் இருப்பினும் அதன் ஒழுக்கம் புறத்தது. தொடுமுன் அலுவலக ஐடி பிரிவைக் கேட்க. செகண்ட்ஹேண்டில் வாங்கியதாயின், பழைய உரிமையாளரின் புறத்திணை அவரோடே போயிற்று எனக் கொள்க.

கடாவும் விடையும்

அழித்தால் கணினி வேகம் பெறுமோ எனின், பெறாது. அந்தந்த முறையைக் கேட்கும் வைஃபையில் சேரும்போதன்றி இவற்றுக்கு வேலையில்லை. மூன்றும் சேர்ந்து ஒரு சினிமாப் பாட்டின் இடத்தைத்தான் பிடிக்கும்.

அங்ஙனமாயின் அழிப்பதால் பயன் என்னை எனின், பட்டியல் மூன்று வரி குறையும். மனம் அதனினும் மிகுதியாய் லேசாகும்.

அழித்தபின் வேண்டியிருப்பின் என் செய்வது எனின், லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் வயர்லெஸ் டிரைவர் தொகுப்பை இறக்கி நிறுவுக; அதனோடு வந்தவை அதனோடே மீளும். ஆயின் வேகத்தில் டிரைவரையும் சேர்த்து அழித்தார்க்கு அத்தளமே திறவாது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டும் வைஃபையே ஆதலின் உதவாது. கேபிள் தேடும் படலம் தொடங்கும்.

துணிபு

சேரும் வைஃபை எல்லாம் ஒரு பாஸ்வேர்டு மட்டுமே கேட்பின், மூன்றையும் தயங்காது நீக்குக. பெயரும் கேட்பின், நெட்வொர்க்கைப் பார்ப்பவரிடம் ‘எந்த முறை?’ என்று ஒரு வார்த்தை கேட்டு, அம்முறைக்கு மாட்யூல் வேண்டாவெனின் நீக்குக. கேட்கச் சோம்பல் எனின் விட்டுவைக்க. இருப்புக் கொள்கையர் காரணம் அறியாமல் சொன்னதாயினும் அதில் கேடில்லை.

மேலாய்வுக்கு உரியது

அதே பட்டியலில் சற்றுக் கீழே ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்னும் பெயர் 2005, 2008, 2010 என்று ஆண்டு மாறி மாறி அடுக்கி நிற்கும். ஒன்று போதாதோ என்று தோன்றும். போதாது, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிரல் நம்பியிருக்கிறது. எதை எது நம்பியிருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. அழித்த மறுநாள் ஏதோ ஒரு நிரல் திறக்க மறுத்துத் தானே சொல்லும்.