எல்லார் முதுகிலும் விழும் அடி: மதுரை மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய மதுரை மாநகராட்சி அவர்களுக்கு,

ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் நடக்கும் லீலை தங்களுக்குத் தெரியாததல்ல. வந்திக் கிழவியின் பிட்டைத் தின்றுவிட்டு, வைகைக் கரையை அடைக்காமல் படுத்துக்கிடந்த கூலியாள் வேடத்துச் சிவனைப் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன் உட்பட அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் போதாதென்று தெருவுக்குத் தெரு வேகத்தடை போட்டு அந்த லீலையை அன்றாடம் நடத்திவரும் தங்கள் பக்தியைப் பாராட்டவே இக்கடிதம். ஒரு குறை மட்டும் உண்டு. அன்று எல்லோருக்கும் விழுந்தது ஒரே அடி. இன்று திடகாத்திரமானவருக்கு அது வெறும் குலுக்கல். முதுகுத்தண்டுத் தட்டு விலகியவருக்கும் முடக்குவாதக்காரருக்கும் அது அன்றைய ராத்திரித் தூக்கத்தையே பறிப்பது.

பயணத்தைத் தாங்கள் கிலோமீட்டரிலும் நிமிஷத்திலும் அளக்கிறீர்கள். நாள்பட்ட வலியோடு மாட்டுத்தாவணியில் இறங்கிப் பெரியார் நிலையம் போகிறவரின் கணக்கு வேறு: எத்தனை படி, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எத்தனை குலுக்கல், நடுவில் உட்கார எங்கே இடம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவில் வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலத்துக்குப் பரந்து, 10 செ.மீ. மட்டுமே உயர்ந்து, வண்டி தெரியாமல் ஏறி இறங்க வேண்டிய மேடு. சந்து முனைகளில் இருப்பதோ, மிஞ்சிய தார்க்கலவையைக் கொட்டித் தட்டிவிட்ட கட்டி. நடைமேடைக்கும் அதே அமைப்பு 15 செ.மீ. உயரத்தைத்தான் உச்சமாக வைத்திருக்கிறது. பஸ்ஸில் தளத்தின் உயரம் 400 மி.மீ. என்றால் ஏறலாம், 900 என்றால் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். பஸ் தங்கள் இலாகா இல்லை என்பீர்கள். சரி, பஸ் வரும்வரை காத்து நிற்கும் அந்தத் தரை யாருடையது?

வலிக்கிறவர் ஊர் சுற்றுவானேன், வீட்டில் கிடக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வலிக்காரர்கள் வருவது சித்திரை வீதியில் காற்று வாங்க அல்ல. கோரிப்பாளையத்து ராஜாஜி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்க. வலிக்கு மருந்து வாங்கப் போகும் வழியே வலியை ஏற்றிவிட்டால், அந்த மருந்தின் பாதி தங்கள் சாலைக்கே செலவாகிறது. (காற்று வாங்கத்தான் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதிலென்ன குற்றம்?) ஆட்டோவில் போகட்டும் என்பது இன்னொரு யோசனை. மாதம் ஒருமுறை வந்துபோகிறவருக்கு அது நியாயமாக இருக்கலாம். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரும் கூலிக்காரரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு: வலி கண்ணுக்குத் தெரியாது, யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமே! சட்டமும் கிட்டத்தட்ட அந்தக் கட்சிதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் நாள்பட்ட வலி தனி வகையாக இல்லை. இருக்கிற வகைகளுக்கும் முக்கியமான சலுகைகள் கிடைக்க 40 சதவீதச் சான்றிதழ் வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடமே தந்துவிட்டது. கூன் பாண்டியன் வெப்பு நோயில் துடித்தபோது சம்பந்தர் சதவீதம் கேட்டதாகப் புராணத்தில் இல்லை. அவன் அரசன் என்பதாலும் இருக்கலாம். ஆனால் நாங்கள் கேட்கும் இருக்கைக்கும் சாய்தளத்துக்கும் சான்றிதழே தேவையில்லை. ஓர் இருக்கையில் பொய் சொல்லி உட்கார்ந்தவரால் நகரத்துக்கு என்ன நஷ்டம்? சாய்தளத்தில் வலியில்லாதவரும், தள்ளுவண்டிக்காரரும், கர்ப்பிணியும் ஏறிப் போகட்டுமே. பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய அந்தச் சட்டம் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022-இலேயே முடிந்தது. அதற்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பழைய ஊர், குறுகிய வீதி, இடமில்லை என்று தாங்கள் வருந்துவது காதில் விழுகிறது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையையே இடித்து, அகழியைத் தூர்த்து வெளி வீதிகளைப் போட்ட ஊர் இது. கடைக்காரர் படிக்கட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடைமேடையில் கிடைக்கும் இடம் ஒரு பெஞ்சுக்குக் கிடைக்காதா? பெஞ்சு போட்டால் குடிகாரர்கள் படுப்பார்கள் என்பதும் உண்மைதான். நடுவில் ஒரு கைப்பிடி வைத்தால் படுக்க முடியாது. அதைப் பிடித்து எழுந்திருக்க மூட்டுவலிக்காரருக்கு வசதி. ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் கண்ட சீமையில், வழிநெடுகச் சுமைதாங்கிக் கல்லும் இருந்தது: நட்ட இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைக்கத் தோதான உயரம். அந்தச் சுமைக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. இன்றைய சுமை முதுகுக்குள் இருப்பதால் அதைத் தனியே இறக்கிவைக்க வழியில்லை; ஆளோடு சேர்த்துத்தான் இறக்க வேண்டும்.

ஆகவே மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைப்பிடியும் சாய்மானமும் உள்ள ஓர் இருக்கை வேண்டுகிறோம். உயரம் முழங்கால் அளவு இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் எழுந்திருக்க இன்னோர் ஆள் தேட வேண்டும். திறப்பாளர், முன்னிலை, வாழ்த்துரை வரிசை முழுவதையும் கல்வெட்டாக வெட்டிச் சாய்மானத்தில் பதித்தாலும் ஆட்சேபணை இல்லை. எழுத்து மட்டும் புடைப்பாக வேண்டாம், முதுகில் குத்தும்.

இப்படிக்கு,
முதுகுள்ள ஒரு வரிதாரர்