பையில் எத்தனை கிளப்?

கே: கோல்ஃப் பையில் எத்தனை கிளப் வைத்துக்கொள்ளலாம்?

ப: அதிகபட்சம் 14. குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்று கூடினால் கேட்பார்கள்.

கே: ஏன் இந்த வரம்பு?

ப: 1930களில் அமெரிக்காவின் லாசன் லிட்டில் முப்பது கிளப் அளவுக்குப் பையில் வைத்து ஆடினார். தூரத்துக்கு ஒரு கிளப் என்று அடுக்கிக்கொண்டே போனால், கையின் திறமைக்கு வேலை இல்லாமல் போகிறது. 1938ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 14 என்று கட்டுப்படுத்தியது. மறுவருடம் பிரிட்டனிலும் அதே விதி வந்தது. நல்ல விதி.

கே: பதினைந்தாவது தெரியாமல் வந்துவிட்டால்?

ப: தெரியாமல் வந்தாலும் தண்டனைதான். 2001 பிரிட்டிஷ் ஓப்பன் கடைசிச் சுற்று. கூட்டாக முன்னிலையில் இருந்த இயன் வூஸ்னம் முதல் குழியிலேயே பேர்டி அடித்தார். இரண்டாவது டீயில் அவருடைய கேடி பையைப் பார்த்தார்: பயிற்சியில் அடித்துப் பார்த்த இன்னொரு டிரைவர் உள்ளேயே இருந்தது! 2 ஸ்ட்ரோக் போயிற்று. மூன்றாமிடத்தைப் பலரோடு பகிர்ந்துகொண்டார். அந்த 2 இல்லையென்றால் இரண்டாமிடம் அவருக்கு மட்டுமே.

கே: நான் புதியவன். முழு செட் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கவா?

ப: வேண்டாம். 1916ல் சிக் எவன்ஸ் ஏழே கிளப்போடு யு.எஸ். ஓப்பனை வென்றார். அவர் எடுத்த 286 இருபது ஆண்டு சாதனையாக நின்றது. உங்களுக்கு ஒரு ஃபேர்வே வுட், ஒரு ஹைப்ரிட், 6, 8 அயன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர் போதும். எந்தக் கிளப் எத்தனை கஜம் போகிறது என்று மனப்பாடம் ஆன பிறகு மீதியை வாங்கலாம்.

கே: 3 அயன் எனக்கு எழும்பவே மாட்டேன் என்கிறது.

ப: எடுத்துவிட்டு ஹைப்ரிட் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2009 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் கொரியாவின் யாங் யோங் உன் ஹைப்ரிடால்தான் கிரீனுக்கு அடித்தார். தோற்றவர் டைகர் வுட்ஸ்.

கே: இரண்டு வெட்ஜ் போதாதா?

ப: முன்பு போதும். இப்போது அயன்களின் சாய்வைக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் புது செட்டில் 7 அயன் அதிக தூரம் போகிறது. அதே வேகத்தில் பிட்சிங் வெட்ஜும் 48 டிகிரியிலிருந்து 44 பக்கம் இறங்கிவிட்டது. சாண்ட் வெட்ஜோ 56லேயே நிற்கிறது. நடுவில் 12 டிகிரி இடைவெளி. அந்தத் தூரத்துக்கு அரைவீச்சாக அடித்தே தடுமாறுவீர்கள். 50 டிகிரியில் ஒன்று வையுங்கள். அடிகளில் பெரும்பகுதி கிரீனுக்கு அருகில்தான் செலவாகிறது.

கே: இரண்டு டிரைவர் வைக்கலாமா?

ப: 2006 மாஸ்டர்ஸில் ஃபில் மிக்கெல்சன் வைத்தார், ஒன்று இடப்பக்கம் வளைக்க, இன்னொன்று வலப்பக்கம் வளைக்க. வென்றும் காட்டினார். உங்களுக்கு முதலில் ஒன்று நேராகப் போகட்டும்.

கே: கடைசியாக ஒரு யோசனை?

ப: முதல் டீக்குப் போகுமுன் பையைத் திறந்து எண்ணிவிடுங்கள். கேடி எண்ணியிருந்தாலும் நீங்களும் எண்ணுங்கள்.